வீட்டில் ரெய்டு: எத்தனை டிஸ்க் போதும்?

நேயர்களுக்கு வணக்கம்.

பல ஹார்ட் டிஸ்க்குகளைப் பிணைத்து ஒன்றுபோல இயக்கும் ரெய்டு முறைக்கு அடித்தளமிட்ட ஆய்வுக் கட்டுரையை, பெர்க்லியிலுள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிட் பேட்டர்சன், கார்த் கிப்சன், ராண்டி கேட்ஸ் ஆகிய மூவரும் 1988இல் வெளியிட்டனர். விலை மிகுந்த ஒரு பெரிய டிஸ்க்குக்குப் பதிலாக மலிவான சிறிய டிஸ்க்குகள் பலவற்றைச் சேர்க்கலாம் என்பது அவர்கள் வாதம். ஆனால் டிஸ்க்குகள் கூடக்கூட அவற்றுள் ஏதேனும் ஒன்று பழுதாகும் வாய்ப்பும் கூடுவதால், இழந்ததை மீட்கக் கூடுதல் தகவலையும் எழுதிவைக்க வேண்டியிருந்தது.

ரெய்டில் பல வகைகள் உண்டு. அந்தக் கூடுதல் தகவலே இல்லாத ரெய்டு 0, வேகத்துக்கு மட்டுமே உதவும். குடும்பப் புகைப்படங்களுக்கு அது வேண்டாம்.

பலரையும் ஈர்ப்பது ரெய்டு 5. 4 டெராபைட் டிஸ்க்குகள் நான்கைப் பூட்டினால், ஒரு டிஸ்க் அளவு இடம் அந்தக் கூடுதல் தகவலுக்குப் போக, 12 டெராபைட் இடம் கிடைக்கும்; எந்த ஒரு டிஸ்க் செயலிழந்தாலும் தரவு பிழைக்கும். கணக்கு கவர்ச்சியானதுதான். ஆயினும், பழுதான டிஸ்க்கை மாற்றியதும் மற்ற மூன்றையும் முழுமையாகப் படித்தே புதியதை நிரப்ப முடியும் என்பதையும், பல மணி நேரம் நீளும் அந்த வேலைதான் ஒரே நாளில் வாங்கி ஒரே அளவு தேய்ந்த டிஸ்க்குகளுக்கு மிகக் கடுமையான சோதனை என்பதையும் கடைக்காரர்கள் சொல்வதில்லை. அந்நேரத்தில் இன்னொன்றும் நின்றுவிட்டால் அனைத்தும் போய்விடும். தடங்களை ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி எழுதும் எஸ்எம்ஆர் வகை டிஸ்க்காக இருந்தால், அந்த மீட்புப் பணி இன்னும் இழுத்தடிக்கும்.

ஆகவே, பெரும்பாலான வீடுகளுக்கு இரண்டு டிஸ்க்குகளில் ஒரே தகவலை எழுதும் ரெய்டு 1 போதும் என்பதே என் கருத்து. மிச்சமாகும் பணத்தில் மூன்றாவது டிஸ்க் ஒன்றை வாங்கி, அதில் அவ்வப்போது நகலெடுத்து, உறவினர் வீட்டில் வைத்துவிடலாம். தவறுதலாக அழித்த கோப்பு இரண்டு டிஸ்க்குகளிலும் அதே நொடியில் அழியும் என்பதால், ரெய்டு ஒருபோதும் காப்பு நகல் ஆகாது. திருட்டுக்கும் இடி மின்னலுக்கும் அதனிடம் மாற்று இல்லை.

ரெய்டு அமைக்கக் கணினியில் செருகும் தனி கார்டும் தேவையில்லை. கார்டு பழுதானால் அதே வகையைத் தேடி அலைய நேரலாம். லினக்ஸ் இயங்குதளத்தின் எம்டிஅட்ம் (mdadm) என்ற ரெய்டு மென்பொருளில் அமைத்த டிஸ்க்குகளையோ வேறொரு லினக்ஸ் கணினியில் மாட்டியும் படிக்கலாம். டிஸ்க் பழுதானால் மின்னஞ்சல் அனுப்பும் வசதியும் அதில் உண்டு. முக்கியமான கோப்புகளை ஏற்றுவதற்கு முன்பே கணினியை அணைத்து, ஒரு டிஸ்க்கின் இணைப்பைக் கழற்றிவிட்டு மீண்டும் இயக்கி, கோப்புகள் திறக்கின்றனவா, எச்சரிக்கை மின்னஞ்சல் உண்மையிலேயே வந்து சேர்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.