மூன்று கியர் பின்னால், ஒரு கியர் முன்னால்

நேயர்களுக்கு வணக்கம். "உங்களுக்குப் பிடித்த எதைப் பற்றி வேண்டுமானாலும் பேசுங்கள்" என்று நிலையத்தார் கேட்டுக்கொண்டார்கள். நான் தலைப்பைச் சொன்னதும் தொலைபேசியில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பழைய தோட்ட டிராக்டரில் பெரிய இன்ஜின் மாட்டுவது. ஆமாம், அதுதான் தலைப்பு.

டிராக்டர் என்றதும் வயலில் உழும் வண்டியை நினைத்துக்கொள்ள வேண்டாம். அமெரிக்காவின் நடுப்பகுதி மாநிலங்களில், வீட்டைச் சுற்றி ஓர் ஏக்கர், இரண்டு ஏக்கர் வைத்திருப்பவர்களுக்காகச் செய்த சின்ன வண்டி இது. கோடையில் அடியில் பிளேடு மாட்டினால் புல் வெட்டும். பனிக்காலத்தில் முன்னால் ஒரு கருவி மாட்டினால் பனியை அள்ளி வீசும். நான் இங்கே குடியேறிய நாளிலிருந்து இதன்மேல் ஒரு கிறுக்கு. என் வீட்டுக்காரி இதைவிடக் கடுமையான சொல் சொல்வாள்.

இந்த வண்டிகளில் எனக்கு நன்றாகத் தெரிந்தது 'கப் கேடட்'. இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் நிறுவனம் 1960-களின் தொடக்கத்தில் கென்டக்கியின் லூயிவில் நகரத் தொழிற்சாலையில் செய்ய ஆரம்பித்தது. முதல் வண்டியில் 7 குதிரைத்திறன் கோலர் இன்ஜின். கோலர் என்றால் குளியலறைக் குழாய் செய்பவர்களா என்று கேட்பீர்கள். அவர்களேதான். விஸ்கான்சினில் இருக்கும் அதே நிறுவனம். குழாயும் செய்தார்கள், இன்ஜினும் செய்தார்கள்.

பின்னால் இருக்கும் கியர் பெட்டிதான் இதில் விசேஷம். 1947-இல் வந்த 'ஃபார்மால் கப்' என்ற நிஜமான பண்ணை டிராக்டரின் பற்சக்கரங்களைக் கொண்டுவந்து இந்தச் சின்ன வண்டியில் வைத்துவிட்டார்கள். முன்னால் போக மூன்று கியர், பின்னால் போக ஒன்று. கொடுக்கும் வேலைக்குத் தேவையானதைவிடப் பல மடங்கு பலமான பெட்டி. அதனால்தான் அறுபது வருடம் கழித்தும் ஆட்கள் இதைப் பார்த்து, 'இதற்கு இன்னும் பெரிய இன்ஜின் தாங்குமே' என்று யோசிக்கிறார்கள். தாங்கும், சந்தேகமில்லை. ஆனால் எத்தனை குதிரைத்திறன் என்று கேட்பதற்கு முன்னால், அந்தத் திறன் இன்ஜினின் எந்தப் பக்கமாக வெளியே வருகிறது என்று கேட்க வேண்டும். இதை நான் இன்னும் இரண்டு மூன்று தடவை சொல்லப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சுலபமான வழியை முதலில் சொல்லிவிடுகிறேன். 1960-களின் நடுவில் வந்த 102 என்ற மாடலில் 10 குதிரைத்திறன் கோலர். 122-இல் 12. இரண்டு வண்டிக்கும் உடம்பு ஒன்றுதான். அந்தக் கோலர் வரிசையில் 10, 12, 14, 16 என நான்கு அளவு உண்டு. 10-க்குச் சிலிண்டருக்கு உள்ளே இடம் ஏறக்குறைய 390 சிசி, 16-க்கு ஏறக்குறைய 590 சிசி. வெளியே நான்கு போல்ட் ஓட்டையும் அதே இடத்தில் வரும், அதனால் 10-ஐக் கழற்றிய இடத்தில் 16-ஐ மாட்டிவிடலாம். ஆயில் தொட்டியில் மட்டும் ஒடுங்கியது, அகலமானது என இரண்டு உண்டு. ஒடுங்கிய சட்டத்துக்கு ஒடுங்கியதைத் தேட வேண்டும், அவ்வளவுதான். இன்னொன்று, பெரிய அளவுகள் பலவற்றில் அதிர்வைக் குறைக்க உள்ளே இரண்டு சின்னப் பற்சக்கரங்கள் இருக்கும். வயதானால் அவை உடைந்து இன்ஜினையே உள்ளிருந்து நொறுக்கிவிடும். பிரித்துப் பார்க்கும்போதே அவற்றைக் கழற்றி வைத்துவிடுபவர்கள் நிறைய. நானும் அந்தக் கட்சிதான்.

ஆனால் பழைய 16 குதிரைத்திறன் கோலர் இன்று சும்மா கிடைப்பதில்லை. அதனால் பலர் புது இரட்டைச் சிலிண்டர் இன்ஜினைப் பார்க்கிறார்கள். 670 சிசி, 22 குதிரைத்திறன், பெட்டியைப் பிரித்தால் பளபளவென்று இருக்கும். என் பக்கத்துத் தெருப் பெரியவர் ஒருவர் அப்படி ஒன்றை வாங்கினார். கைவேலையில் சுத்தக்காரர். இரும்புத் தகடு வெட்டி, உயரம் பார்த்து, பெயின்ட் எல்லாம் அடித்து, ஒரு சனிக்கிழமை எங்களைக் கூப்பிட்டார். ஏறி உட்கார்ந்தார், முதல் கியர் போட்டார், கிளட்சை விட்டார். வண்டி பின்னால் போனது.

தவறான கியரோ என்று இரண்டாவது போட்டார். இன்னும் வேகமாகப் பின்னால் போய் அவர் மனைவியின் ரோஜாப் பாத்தியில் ஏறியது. ரிவர்ஸ் போட்டால் முன்னால் வருகிறது! மூன்று கியர் பின்னால், ஒரு கியர் முன்னால். அந்த அம்மா மட்டும் சிரிக்கவில்லை.

என்ன நடந்தது என்றால், இப்படித்தான். இன்ஜினுக்கு இரண்டு முனை. ஒரு முனையில் ஃபிளைவீல் என்ற கனமான சக்கரம். மறுமுனையில் பெல்ட்டோ புல்லியோ மாட்டுவதற்கான தண்டு. பெரும்பாலான வண்டிகள் இந்தத் தண்டிலிருந்துதான் சக்தி எடுக்கும். கப் கேடட்டில் தலைகீழ். ஃபிளைவீல் ஓட்டுநர் பக்கம் பார்த்து நிற்கும், அதிலிருந்துதான் கிளட்சும் கியர் பெட்டிக்குப் போகும் நீளத் தண்டும். முன்பக்கத் தண்டு புல் வெட்டும் பெல்ட்டுக்கு. பெரியவர் இன்ஜினைத் திருப்பி, தண்டு பின்னால் பார்க்கும்படி வைத்துவிட்டார். சுற்றும் திசை மாறிவிட்டது. முன்னால் புல் பெல்ட்டுக்கு மாட்ட ஒன்றுமே இல்லாமலும் போயிற்று. திறன் எந்தப் பக்கமாக வெளியே வருகிறது என்று நான் சொன்னது இதைத்தான்.

ஊரில் பம்ப்செட் வைத்திருப்பவர்களுக்குத் தெரியும், த்ரீ ஃபேஸ் மோட்டார் தப்பான பக்கம் சுற்றினால் இரண்டு ஒயரை மாற்றிக் கொடுத்தால் போதும். பெட்ரோல் இன்ஜினில் அது நடக்காது. வால்வு திறக்கும் நேரம், பொறி விழும் நேரம், ஸ்டார்ட்டர் எல்லாம் ஒரே திசைக்காகச் செய்தவை.

வழி என்ன? இன்ஜினைச் சரியாகத் திருப்பி வைத்து, ஃபிளைவீலின் முகத்தில் லேத் பட்டறையில் கடைந்த ஒரு தட்டையும் குட்டித் தண்டையும் போல்ட் போட்டு இறுக்க வேண்டும். மையம் கொஞ்சமும் விலகக் கூடாது. நிமிடத்துக்கு 3,600 சுற்று என்றால் நொடிக்கு 60. மையம் விலகினால் முதலில் உட்காருபவர் பல் ஆடும், அப்புறம் கிளட்ச் போகும். பெரியவர் அதைச் செய்து முடிக்கப் பனிக்காலம் வந்துவிட்டது. பனியை அள்ளி வீசும்போதுதான் 22 குதிரையின் அருமை தெரிந்தது. இழுவைக்கு அது பெரிதாக உதவவில்லை. உதவவும் செய்யாது. இவ்வளவு எடை குறைந்த வண்டியில் 10 குதிரைக்கே முதல் கியரில் சக்கரம் வழுக்கிச் சுற்றிவிடும்.

அடுத்தது சாவி. இதைக் கவனமாகக் கேளுங்கள். பழைய கோலரில் சாவியைத் திருப்பினால் பேட்டரி மின்சாரம் பொறியை உண்டாக்கும் காயிலுக்குப் போகும், இன்ஜின் ஓடும். மின்சாரம் நின்றால் இன்ஜின் நிற்கும். புது இன்ஜினில் ஃபிளைவீலில் உள்ள காந்தமும் அதை ஒட்டி இருக்கும் ஒரு சின்னக் கறுப்புக் கட்டியும் சேர்ந்து பொறியை உண்டாக்குகின்றன. இன்ஜினை நிறுத்த அந்தக் கட்டியிலிருந்து வரும் ஒயரை வண்டியின் இரும்போடு சேர்க்க வேண்டும். அதாவது ஒன்றில் இணைத்தால் ஓடும், மற்றதில் இணைத்தால் நிற்கும். பழைய சாவியின் ஒயரை அப்படியே புது இன்ஜினுக்குக் கொடுத்தால் 12 வோல்ட் நேராக அந்தச் சின்னக் கறுப்புக் கட்டிக்குள் போய் அதைக் கருக்கிவிடும். காந்தப் பொறிக்கென்றே விற்கும் சாவி ஸ்விட்சை வாங்கிவிடுங்கள், பெரிய விலை இல்லை.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கடிகாரத்தைக் காட்டுகிறார்கள். வெப்பத்தைப் பற்றி விரிவாகப் பேச நினைத்திருந்தேன், சுருக்கமாகச் சொல்கிறேன். இது காற்றால் குளிரும் இன்ஜின். இரட்டைச் சிலிண்டர் அகலமானது, பழைய மூடிக்குள் நெருக்கும். வெளியேறும் சூடான காற்றையே திரும்ப உறிஞ்சினால் வெந்துபோகும். இடையில் தகடு வையுங்கள். பெட்ரோல் தொட்டி அதே மூடிக்குள் இன்ஜினை ஒட்டி இருக்கிறது, சைலன்சரை அதன் பக்கம் திருப்பாதீர்கள். 3,600-ஐத் தாண்டி வேகத்தைக் கூட்டாதீர்கள், ஃபிளைவீல் சிதறினால் மூடி தாங்காது. கழற்றிய பழைய கோலரைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடவும் வேண்டாம். பிளக் ஓட்டையில் கொஞ்சம் ஆயில் விட்டு, மூடி வையுங்கள். தேடி வந்து வாங்கும் ஆள் இருக்கிறார். வணக்கம்.