தாத்தா, இது இப்போ பறக்குமா?

நேயர்களுக்கு வணக்கம். நான் காவேரிப்பட்டினத்துக்காரன். ஐ.டி.ஐ. முடித்து, பெங்களூரில் ஜெட் இன்ஜின் பிரித்துக் கோர்க்கும் வேலையில் 31 வருஷம் இருந்துவிட்டு, ஓய்வு பெற்று இப்போது ஓசூரில் குடியிருக்கிறேன். போன மாதம் பேரனை பெங்களூரு விஸ்வேஸ்வரய்யா அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப் போனேன். தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கத்துப் பள்ளிக்கூடங்களில் டூர் போன பலரும் அந்த இடத்தைப் பார்த்திருப்பீர்கள். அங்கே ஒரு போர் விமானம் நிற்கிறது, மாருத் என்று பெயர். பேரன் அதைச் சுற்றிச் சுற்றி வந்துவிட்டு, "தாத்தா, இது இப்போ பறக்குமா?" என்று கேட்டான். "பறக்க வைக்கலாம்டா, ஆனா..." என்று ஆரம்பித்தேன், அதற்குள் அவன் ஐஸ்கிரீம் வண்டிப் பக்கம் ஓடிவிட்டான். அந்த "ஆனா"வுக்குப் பிறகு சொல்ல நினைத்ததைத்தான் இன்றைக்கு உங்களிடம் சொல்ல வந்திருக்கிறேன்.

மாருத் நம் நாட்டில் உருவான முதல் ஜெட் போர் விமானம். ஜெர்மன்காரரான விமான வடிவமைப்பாளர் குர்ட் டாங்க் தலைமையில் பெங்களூரில் வடிவமைத்தார்கள். 1961 ஜூன் 17 அன்று சுரஞ்சன் தாஸ் அதை முதன்முதலாக ஓட்டினார். பிற்பாடு 1970இல் அதே விமானத்தின் இன்னொரு மாதிரியைச் சோதிக்கும்போதுதான் அவர் உயிர் போனது, பெங்களூரில் அவர் பெயரில் ஒரு சாலையே இருக்கிறது. மொத்தம் 147 மாருத் கட்டினார்கள். 1990 வாக்கில் எல்லாவற்றையும் ஓரம் கட்டிவிட்டார்கள். இன்றைக்கு உலகத்தில் எங்கேயும் ஒரு மாருத் கூடப் பறக்கவில்லை.

சரி, ஒரு பழைய ஜெட்டைத் திரும்பப் பறக்க வைக்க வேண்டுமானால் என்ன செய்ய வேண்டும்? பெயிண்ட் அடித்து, டயர் மாற்றி, எரிபொருள் ஊற்றினால் கிளம்பிவிடும் என்று நினைப்பவர்கள் உண்டு. முதல் வேலையே அதன் தோலை உரிப்பதுதான். தகடுகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, டார்ச் அடித்து, உள்ளே இருக்கும் சட்டங்களைப் பார்க்க வேண்டும். அலுமினியம் துருப்பிடிக்காது என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். மழையிலும் வெயிலிலும் வருஷக்கணக்கில் நின்ற விமானத்தில் ரிவெட் ஓரத்தை நகத்தால் சுரண்டிப் பாருங்கள், பரோட்டா அடுக்கு மாதிரி ஏடு ஏடாக எழும்பி வரும். மேலே பெயிண்ட் பளபளவென்று இருக்கும், அடியில் உலோகம் உளுத்துப் போயிருக்கும். மக்னீசியம் கலந்த வார்ப்புகள் இன்னும் மோசம், வெள்ளை வெள்ளையாகப் பொடிந்து கொட்டும். அப்புறம் ரப்பர். எரிபொருள் பை, ஹைட்ராலிக் குழாய், சின்னச் சின்ன சீல் வளையங்கள் எல்லாமே எண்ணெயில் ஊறிக் கிடந்தால்தான் பிழைக்கும், காய்ந்தால் வெடித்துவிடும். வயர்களின் மேலுறை கை பட்டாலே உதிரும். விமானி உட்காரும் இருக்கைக்கு அடியில், ஆபத்தில் அவரைத் தூக்கி வெளியே எறிவதற்கான வெடிமருந்துக் குப்பிகள் இருக்கும், அவற்றுக்கும் காலாவதித் தேதி உண்டு. சும்மா உட்கார்ந்து பார்க்கிறேன் என்று யாரும் அதில் ஏறிவிடக் கூடாது.

என் வேலை இன்ஜினில்தான், அதனால் அதைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகப் பேசுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். மாருத்தில் இருந்தது ஆர்ஃபியஸ் என்ற இன்ஜின், ஒரு விமானத்துக்கு இரண்டு. நேட் என்ற குட்டிப் போர் விமானத்திலும் அதே குடும்பத்து இன்ஜின்தான். 1971 டிசம்பர் 14 அன்று ஸ்ரீநகரில் நிர்மல்ஜித் சிங் சேகோன் கடைசியாக ஓட்டிப் போனாரே, பரம்வீர் சக்கரம் வாங்கினாரே, அந்த விமானம். முன்னால் ஏழு அடுக்குக் காற்றழுத்தி, பின்னால் சூடான வாயு சுற்ற வைக்கும் ஒரே ஒரு டர்பைன் சக்கரம், இரண்டுக்கும் நடுவே ஒரே தண்டு. பார்க்க எளிமையான இன்ஜின். ஆனால் அந்த டர்பைன் பிளேடுகள் செக்கச் செவேலென்று கொதித்துக்கொண்டு சுற்றுபவை. அந்தச் சூட்டிலும் இழுவையிலும் அவை மயிரிழை மயிரிழையாக நீளும். அதனால் ஒவ்வொன்றையும் அளந்து பார்க்க வேண்டும். விரிசல் பார்ப்பதற்குச் சிவப்புச் சாயத்தைத் தடவி, கொஞ்ச நேரம் விட்டு, சுத்தமாகத் துடைத்துவிட்டு, மேலே வெள்ளைப் பொடி தூவுவோம். நல்ல பாகம் என்றால் வெள்ளையாகவே இருக்கும். விரிசல் இருந்தால் உள்ளே போன சாயம் சிவப்புக் கோடாக மெல்ல மேலே எழும்பி வரும். அந்தக் கோட்டை முதல் தடவை பார்த்த அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

இன்ஜினைப் பூட்டி முடித்ததும் நேராகப் பற்ற வைக்க மாட்டோம். தீ இல்லாமல் ஸ்டார்ட்டரை வைத்துச் சும்மா சுற்ற விட்டு, எண்ணெய் அழுத்தம் ஏறுகிறதா என்று பார்ப்போம். பிறகுதான் பற்ற வைப்பது, சூடு எல்லை தாண்டாமல் முள்ளிலேயே கண் வைத்திருப்பது. எனக்கு மிக முக்கியமான நேரம் அணைத்த பிறகு வருவது. இரைச்சல் அடங்கி, இன்ஜின் தன் வேகத்திலேயே சுற்றிச் சுற்றிக் குறையும். அப்போது ஒருவர் ஸ்டாப்வாட்சோடு நிற்பார், இன்னொருவர் பின்பக்கக் குழாயருகே காதைக் கொடுத்து நிற்பார். பேரிங் நன்றாக இருந்தால் விசிலடிப்பது மாதிரி இறங்கி இறங்கி, கடைசியில் மூச்சு விடுவது போல நிற்கும். எங்கேயாவது 'சரக்' என்று ஒரு உரசல் கேட்டால் போச்சு, மொத்தத்தையும் திரும்பப் பிரிக்க வேண்டும். அந்தச் சத்தத்தைப் பழகிய காதுதான் கண்டுபிடிக்கும்.

இங்கிலாந்தில் வல்கன் என்ற பெரிய குண்டுவீச்சு விமானத்தை மக்கள் பணத்தோடு சரி செய்து, 14 வருஷம் தரையில் கிடந்ததை 2007 அக்டோபர் 18 அன்று பறக்க வைத்தார்கள். 2012 மே மாதம் ஓடுபாதையில் வேகமெடுக்கும்போது இரண்டு இன்ஜின் ஒரே நேரத்தில் பாழாயின. காரணம் என்ன தெரியுமா? புதுச் செருப்பு டப்பாவில் ஈரத்துக்குப் போட்டிருப்பார்களே குருணைப் பொட்டலம், அந்த வகைப் பைகள். விமானம் சும்மா நிற்கும்போது ஈரம் பிடிக்காமல் இருக்க காற்று போகும் வாயில் வைத்தது, எடுக்க மறந்துவிட்டார்கள். ஒரு இன்ஜின் அதை விழுங்கி உடைய, அதன் சிதறல் பக்கத்து இன்ஜினையும் உடைத்தது. உலகமே மெச்சிய குழு அது. அவர்களுக்கே அப்படி நடந்தது என்றால் பாருங்கள்.

அப்படியும் மாற்று இன்ஜின் போட்டு அதைத் திரும்பப் பறக்க விட்டார்கள். 2015இல் நிறுத்தும்போது அதன் உடம்பு மோசமாகியிருக்கவில்லை. வேறெந்த வல்கனும் பறக்காத அளவு நேரம் அது பறந்துவிட்டது. இனிமேல் எங்கே விரிசல் விடும், எங்கே தேடிப் பார்ப்பது என்று தெரிந்த கைகள் குறைந்துகொண்டே வந்தன. அதனால் பின்னால் நின்று பொறுப்பேற்ற நிறுவனங்கள் விலகின. அதை நான் படித்த அன்றைக்கு ஒன்று புரிந்தது. உலோகத்தை வாங்கலாம், ரப்பரைப் புதிதாகச் செய்யலாம், தெரிந்த ஆள் போய்விட்டால் என்ன செய்வது?

இந்த வேலையில் காகிதம் பாதி. ஒரு டர்பைன் தட்டு பார்க்க எவ்வளவு அருமையாக இருந்தாலும், எத்தனை மணி நேரம் ஓடியது என்ற அட்டை கூட இல்லையென்றால் அது பழைய இரும்புதான், விமானத்தில் போட முடியாது. மீதிப் பாதி மேனுவலில் எழுதாத விஷயங்கள். எந்த மூடியை எந்தப் பக்கமிருந்து சாய்த்தால் நழுவாமல் உட்காரும், எந்த நட்டு எப்போதும் அடம் பிடிக்கும், இதெல்லாம் அவரவர் சொந்த நோட்டில் பென்சிலால் குறித்து வைத்திருப்போம். என்னிடமும் இருந்தது, இரண்டு சாக்கு நிறைய. வீடு மாறும்போது இடமில்லை என்று பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போட்டுவிட்டேன். இன்றைக்கு வரைக்கும் அது என் மனசை அறுக்கிறது.

ஓசூர், சூளகிரி, கிருஷ்ணகிரி, தருமபுரியிலிருந்து விடியற்காலை பஸ் பிடித்தும், அங்கேயே அறை எடுத்துத் தங்கியும் பெங்களூர் விமானத் தொழிற்சாலைகளில் வேலை பார்த்தவர்கள் எத்தனையோ பேர். நம் பேளகொண்டபள்ளி ஓடுபாதை ஓரத்திலேயே ஆறு பேர் உட்காரும் சின்ன விமானம் கட்டியிருக்கிறார்கள். அந்தக் குடும்பங்களுக்கு ஒரு வேண்டுகோள். பரணில் அப்பாவின் நோட்டு, நீலப் பிரதி வரைபடம், டூல் பெட்டி ஏதாவது இருந்தால் தயவுசெய்து எடைக்குப் போடாதீர்கள். அப்பா இருக்கிறார் என்றால் பக்கத்தில் உட்கார்ந்து செல்போனில் பேச விட்டுப் பதிவு செய்யுங்கள். மாருத் பறக்கிறதோ இல்லையோ, என்றைக்காவது யாராவது அதைத் தொடத் துணிந்தால் அவர்களுக்கு இது வேண்டும்.

எனக்கு வேலை கற்றுக் கொடுத்த அண்ணன் ஒருவர் சூளகிரிப் பக்கம் தோட்டத்தில் இருக்கிறார், எண்பதைத் தாண்டியவர், கண் சரியாகத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமைகளில் போய்ப் பதிவு செய்கிறேன். போன வாரம், "அண்ணே, இன்ஜினை அணைச்சதும் எப்படிச் சத்தம் வரும், சொல்லுங்க" என்றேன். வாயைக் குவித்து, மெல்லிய விசிலாக ஆரம்பித்து இறக்கிக்கொண்டே வந்தார், நடுவில் கையை உயர்த்தி, "இங்கதான் கேக்கணும்டா, பின்னாடி பேரிங்" என்று சொல்லிவிட்டு, விட்ட இடத்திலிருந்தே தொடர்ந்து, அது நிற்கிற வரைக்கும் இறக்கினார். மாமரத்தடியில் ஒரு அணில் கத்தியதும் அந்தப் பதிவில் இருக்கிறது. வருகிற ஞாயிறு எண்ணெய் பம்ப்பைப் பற்றிச் சொல்கிறேன் என்றிருக்கிறார்.