உளி மட்டும் போதாது: ரப்பர் வீட்டின் கணக்கு

(பினாங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையோருக்கு வணக்கம்.

கிராமத்து வீட்டை அருங்காட்சியகமாக்கும்போது ரப்பர் மரத்தின் பால்வெட்டு உளியும், பால் பிடிக்கும் கிண்ணமான மங்கும் கண்ணாடிப் பெட்டிக்குள் போய்விடுகின்றன. தாச்சிங் என்னும் தண்டுத் தராசும், ரப்பர் விற்ற கடைச்சீட்டும் பரணிலேயே கிடக்கின்றன. இரண்டையும் சேர்த்து வைத்தால்தான் சிறுதோட்டக்காரர் வீட்டில் உலை கொதித்த கணக்கு விளங்கும்.

உளியைப் பாருங்கள். வெட்டு இடப்பக்கம் மேலே தொடங்கி, சுமார் 30 பாகைச் சரிவில் வலப்பக்கம் இறங்கும். பட்டைக்குள் பால்குழாய்கள் நேராக நிற்காமல் லேசாகச் சாய்ந்து ஓடுவதால், இப்படி வெட்டினால்தான் நிறையக் குழாய்கள் அறுபடும். ஒரு வெட்டுக்கு ஒன்றரை மில்லிமீட்டர் பட்டை சீவினால் போதும். உளி பட்டையைத் தாண்டி உள்மரத்தைத் தொட்டுவிட்டால் புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். பிறகு அந்த இடத்தில் ஒழுங்காக வெட்டவே முடியாது. வெயில் ஏறினால் மரத்தின் உள்ளழுத்தம் குறைந்து பால் சீக்கிரம் நின்றுவிடும். அதனால்தான் விடியுமுன்பே காட்டுக்குப் போனார்கள்.

பாலில் நூற்றுக்கு 30 முதல் 35 பங்குதான் ரப்பர். தண்ணீர் விட்டு அதை 12 முதல் 15 வரை இறக்கி, வடிகட்டித் தட்டில் ஊற்றுவார்கள். தட்டு வாங்க வசதியில்லாதவருக்கு வெட்டிய மண்ணெண்ணெய் டின். பாலை உறையவைக்க நீர்த்த பார்மிக் அமிலத்தைக் கலக்கி, நுரையைப் பலகையால் ஒதுக்க வேண்டும். விட்டால் ஷீட்டில், அதாவது ரப்பர் தகட்டில், குமிழி விழும். அமிலம் கூடினால் கட்டி இறுகிக் காய நாளாகும். குறைந்தால் அடித்தண்ணீர் வெள்ளையாகவே நிற்கும். அந்த வெள்ளை அத்தனையும் கைவிட்டுப் போன ரப்பர்!

மறுநாள் உறைந்த கட்டியை வழவழப்பான உருளையில் சில தடவை, கடைசியாகக் கோடு பதிக்கும் வரி உருளையில் ஒரு தடவை விட்டு எடுப்பார்கள். வரி அழகுக்காக இல்லை. காற்றுப் படும் பரப்பு கூடும், ஷீட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டா. புகைக்கூடத்தில் சூட்டை 40 பாகையிலிருந்து 60 வரை மெல்ல ஏற்ற வேண்டும். அவசரப்பட்டால் கொப்புளம், அரைகுறையாக எடுத்தால் உள்ளே வெள்ளைப் புள்ளி. இரண்டுமே தரத்தை இறக்கும்.

சிறுதோட்டக்காரரில் பலருக்குப் புகைக்கூடம் ஏது? கொடியில் காயப்போட்ட ஷீட்டையே கடைக்குக் கொண்டுபோனார்கள். ஈரத்துக்கென்று கடைக்காரர் எடையில் கழிப்பார். அந்தக் கழிவு எவ்வளவு என்பதில்தான் பேரமெல்லாம். தாயில், கட்டி, பிக்குல் எல்லாம் அந்நாள் எடை அளவுகள். 16 தாயில் சேர்ந்தால் ஒரு கட்டி. 100 கட்டி ஒரு பிக்குல், அதாவது 60.48 கிலோ. தாச்சிங்கின் தண்டில் குண்டை நகர்த்தி எடை பார்ப்பார்கள். அசல் குண்டுக்குப் பதில் கனமான குண்டைத் தொங்கவிட்டால், அது சீக்கிரமே சமநிலைக்கு வந்து எடையைக் குறைத்துக் காட்டும், நட்டம் விற்பவருக்கு. ஆகவே, தாச்சிங்கைக் காட்சிக்கு வைக்குமுன் தெரிந்த எடையைத் தொங்கவிட்டு, குண்டும் தண்டும் ஒரே ஜோடிதானா என்று சோதியுங்கள்.

1922 நவம்பர் முதல் 1928 வரை ஸ்டீவன்சன் கட்டுப்பாடு, அதாவது விலையைத் தூக்கிநிறுத்த ரப்பர் ஏற்றுமதிக்கு ஆங்கிலேய அரசு போட்ட வரம்பு. தோட்டத்துக்கு மதிப்பிட்ட விளைச்சலில் இவ்வளவுதான் வெளியே போகலாம். மீறினால் கடுமையான வரி. சிறுதோட்டங்களுக்கான மதிப்பீடு குறைவாகவே இருந்தது. ஏற்றுமதி உரிமைச் சீட்டான கூப்பனும் கைமாறும் சரக்கானது. 1930-களின் தொடக்கத்தில் விலை சரிந்தபோது, கிராண்ட் என்னும் நிலப் பட்டாவை அடகு வைத்தவர்கள் பலர் நிலத்தையே இழந்தார்கள். வட்டிக்குக் கடன் கொடுத்த செட்டியாரின் கிட்டங்கிப் பேரேட்டில் அந்தக் கதை வரவு பற்றாக நிற்கும்.

உங்கள் வீட்டிலும் இப்படிப்பட்ட கூப்பனோ கடைச்சீட்டோ இருந்தால் லேமினேட் செய்துவிடாதீர்கள். பிறகு பிரித்தெடுக்க முடியாது. துருப்பிடித்த குண்டூசியைக் கழற்றி, அமிலமற்ற தாளுக்கிடையே மடிக்காமல் வையுங்கள்.