கீரி கடித்த செம்பி தப்பிவிட்டாள்

வணக்கம் உறவுகளே. இன்றைய வீடியோவில் சமையலும் இல்லை, வாவிக்கரையும் இல்லை. முதலில் இந்தச் சத்தத்தைக் கேளுங்கள். கேட்கிறதா? அது என் கோழி செம்பி. போன மாசி மாதம் அடை கிடந்து, வைத்த பதின்மூன்று முட்டையில் பதினொன்றைப் பொரித்தாளே, அதே செம்பிதான். தீன் கிண்ணத்தை எடுத்தால் இப்படித்தான் கத்துவாள். 17 நாளைக்கு முன் இந்தச் சத்தத்தை இனிக் கேட்கமாட்டேன் என்றுதான் நினைத்தேன்.

பகல் பதினொரு மணி இருக்கும். நான் கிணற்றடியில் நிற்கிறேன். சேவல் கத்தின விதமே வேறாக இருந்தது. ஓடிப்போய்ப் பார்த்தால் கூட்டுக்குள் ஒரு சாம்பல் கீரி, செம்பியின் முதுகைக் கவ்விக்கொண்டு நிற்கிறது. வாளியை எறிந்தேன், விட்டுவிட்டு ஓடியது. முதுகில், வால் அடிக்குக் கொஞ்சம் மேலே, என் உள்ளங்கை அளவுக்குத் தோல் கிழிந்திருந்தது.

அம்மம்மா வந்து பார்த்துவிட்டு, "அறுத்துக் கறியாக்கு புள்ள, இது தப்பாது" என்றா. அவ எத்தனையோ கோழி வளர்த்தவ, அவ சொல்வதை நான் தட்டுவதில்லை. ஆனால் செம்பி கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். "ஒரு நாள் தாங்க அம்மம்மா" என்று கேட்டேன்.

சரி, செய்ததைச் சொல்கிறேன். உடனே மருந்து போடவில்லை. முதல் எதிரி காயம் இல்லை, பயம். ஒரு காட்போட் பெட்டிக்குள் பழைய சாறத்தை விரித்து, அவளை வைத்து, இருட்டான அறையில் அரை மணித்தியாலம் விட்டேன். கால் குளிர்ந்திருந்தது. மழை நேரம் வேறு, அதனால் பெட்டியின் ஒரு மூலையில் மட்டும் குண்டு பல்ப் போட்டேன். சூடு கூடினால் மற்ற மூலைக்கு அவளே நகரலாம். பிறகு உடம்பைத் தொட்ட என் தங்கச்சி, "அக்கா, காய்ச்சல் காய்கிறது" என்று பயந்துவிட்டாள். கோழியின் உடம்புச் சூடு சாதாரணமாகவே 41 பாகை அளவில் இருக்கும், நம்முடையது 37. அதனால் நம் கைக்குச் சுடத்தான் செய்யும்.

பிறகு கழுவினேன். கொதித்து ஆறின தண்ணீர் ஒரு லீற்றருக்கு உப்பு 9 கிராம், அதாவது மட்டமாக ஒன்றரைத் தேக்கரண்டி. ஊசி போடாத சிரிஞ்சால் மெல்ல அடித்துக் கழுவினேன். சுற்றியுள்ள இறகைக் கத்தரிக்கோலால் வெட்டினேன். பிடுங்கக் கூடாது, கோழித் தோல் மெல்லியது, இன்னும் கிழியும். அதன்மேல் பெட்டடைன், அப்படியே இல்லை, பிளேன்டீ நிறத்துக்குத் தண்ணீர் கலந்து.

பக்கத்து வளவுப் பெரியம்மா மஞ்சளை அப்பச் சொன்னா. இன்னொருவர் மண்ணெண்ணெய் ஊற்றச் சொன்னார். மண்ணெண்ணெய் என்று கேட்டாலே எனக்குக் கோபம் வருகிறது. தோல் இல்லாத சதையில் அதை ஊற்றினால் அந்த உயிர் என்ன பாடுபடும்? மஞ்சள் நல்ல சாமான்தான், ஆனால் ஆழமான காயத்தில் தூளை அப்பினால் மேலே பொருக்குக் கட்டி, உள்ளே சீழ் பிடிப்பது தெரியாமல் போய்விடும்.

ஐயோ, தண்ணீரை மறந்துவிட்டேன். கழுவுவதற்கு முன்பே ஜீவனி, அதுதான் வயிற்றோட்டத்துக்குக் கரைத்துக் குடிக்கிற தூள், ஒரு பக்கெட்டை ஒரு லீற்றர் தண்ணீரில் கரைத்து வைத்தேன். சொண்டைத் திறந்து ஊற்றாதீர்கள். மூச்சுக் குழாயின் வாய் நாக்குக்குச் சற்றுப் பின்னால்தான் இருக்கிறது, தண்ணீர் நேரே அதற்குள் போய்விடும். சொண்டு நுனியை நனைத்து நனைத்து விட்டேன். நாலாவது தடவை அவளே குடித்தாள்.

அடுத்த நாள் விடிய ஆட்டோவில் பெட்டியோடு மிருக வைத்தியரிடம் போனேன். பல் இறங்கிய இடம் வெளியில் சின்ன ஓட்டையாகத்தான் தெரியும், கடித்த வாயின் கிருமி ஆழத்தில் கிடக்கும் என்று சொல்லி, ஐந்து நாளைக்கு மருந்து தந்தார். மனிதருக்கு வாங்கி மிச்சமான குளிசையை நீங்களாகக் கொடுக்காதீர்கள்.

வெளிக்காயத்துக்கு நம் ஊரில் பெரிய ஆபத்து இலையான். முட்டை இட்டால் ஒரே நாளில் புழு வந்துவிடும். பெட்டிக்கு மேல் நுளம்பு வலையைப் போட்டு, கல் வைத்து, காலையும் பின்னேரமும் டோர்ச் அடித்துப் பார்த்தேன். ஒரு புழுகூட வரவில்லை! இந்த 17 நாளில் எனக்கு இதுதான் பெரிய வெற்றி.

மூன்றாம் நாள் வரைக்கும் எச்சம் பச்சையாகவே போனது, சாப்பிடாததால். அன்று பின்னேரம் அவித்த முட்டையைப் பிசைந்து வைத்தேன். ஒரு கொத்து. பிறகு இன்னொரு கொத்து. நான் அழுதேவிட்டேன் உறவுகளே.

இப்போது வலைக் கதைக்கு வருகிறேன், இதைச் சொல்லாமல் விடமாட்டேன். போன வருடம் இந்தக் கூடு கட்டிய வீடியோவில் அறுகோண ஓட்டை வலை ஒன்றைக் காட்டினேன் இல்லையா? கடைக்காரர் பத்து வருடம் கிடக்கும் என்றார். கடலோரத்தில் இருக்கிற எங்கள் ஆரையம்பதிக்கு உப்புக்காற்று வருவது அவருக்குத் தெரியாதா? கீரி நுழைந்த மூலையை விரலால் தள்ளிப் பார்த்தேன், பொரித்த அப்பளம் போல உடைந்தது. ஒரே வருடம்! அந்த வீடியோவைப் பார்த்து அதே வலையை வாங்கியவர்கள் இருந்தால், இன்றைக்கே போய் அடிப்பக்கத்தைத் தள்ளிப் பாருங்கள்.

புதிது வாங்க மூன்று கடை ஏறினேன். அரை அங்குலச் சதுர ஓட்டை, வெல்டிங் பண்ணின தடித்த கம்பி. முதல் கடையில் அடி 410 ரூபா. இரண்டாவதில் 390, அதுவும் முழுச் சுருளாகத்தான் தருவார்களாம். காத்தான்குடியில் ஒரு சின்னக் கடையில் 340க்கு, கேட்ட அளவில் வெட்டித் தந்தார்கள். 40 அடி, 13,600 ரூபா. கோழியைவிட வலைக்குக் காசு கூட என்று வீட்டில் சொன்னார்கள். சொல்லட்டும், எனக்கு அந்தக் கணக்கு வேண்டாம். வலையை நிலத்தோடு நிறுத்தாமல், வெளிப்பக்கமாக ஒரு அடி மடித்துப் படுக்க வைத்து மண்ணைப் போட்டேன். கிண்டுகிற பிராணி சுவரடியில்தான் கிண்டும், அங்கே கம்பி தட்டுப்படும்.

கீரிக்கு நஞ்சு வையுங்கள் என்று எனக்கு எழுதாதீர்கள். எலியும் பாம்பும் அதுதான் பிடிக்கிறது. வைத்த நஞ்சை அயலவரின் நாயும் பூனையும் தின்னும்.

செம்பி இன்னும் தனியாகத்தான் இருக்கிறாள். சிவப்பாகத் தோல் தெரிந்தால் மற்றக் கோழிகள் கொத்திக் கொத்திப் புண்ணாக்கிவிடும். கூட்டுக்குள்ளேயே நடுவில் வலை போட்டிருக்கிறேன், ஒன்றையொன்று பார்க்கலாம், தொட முடியாது. இதோ, கிட்டப் பாருங்கள், முதுகில் ஊசி மாதிரிச் சின்னச் சின்ன இறகுக் குருத்து.

இன்னொன்று, முட்டை. நேற்றுத்தான் மறுபடி ஒன்று இட்டாள். மருந்து கொடுத்த கோழியின் முட்டையை எத்தனை நாள் சாப்பிடக் கூடாது என்று வைத்தியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். எனக்கு அவர் சொன்ன நாள் இன்னும் முடியவில்லை, அந்த முட்டையைப் புதைத்துவிட்டேன். அம்மம்மா மட்டும் இன்று காலை யாருக்கும் சொல்லாமல் குரக்கன் கொண்டுபோய் அவளுக்குப் போட்டுக்கொண்டு நின்றா. சரி, கத்துகிறாள், நான் தீன் வைக்கப் போகிறேன்.