ட்ரெய்லர் இழுக்கும் பிக்கப்புக்கு எந்த டயர்? பட்டனைப் பார்ப்பதற்கு முன்

வணக்கம். டெக்சாஸில் கொஞ்சம் நிலம் வாங்கி, மாடும் புல்லுமாக இருக்கும் நம்மவர்கள் பலரும் என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான்: நாள்தோறும் வேலைக்கு ஓட்டிப்போகிற அதே அரை டன் பிக்கப்பில் (அரை டன் என்பது வண்டி வகையின் பெயர்தான், எடை அல்ல) ட்ரெய்லரும் இழுக்க வேண்டும், காட்டுக்குள்ளும் இறங்க வேண்டும் என்றால் எந்த டயர் போடுவது? கடைக்குள் நுழைந்ததும் கண் டயரின் பட்டன் மீதுதான், அதாவது தரையைத் தொடும் ரப்பர் கட்டைகள் மீதுதான், போகிறது. முரட்டுப் பட்டனாக இருந்தால் பாரமும் தாங்கும் என்று நாமே முடிவு கட்டிவிடுகிறோம். ஆனால் பாரத்தைச் சுமப்பது உள்ளே அடைபட்டிருக்கும் காற்றுதான். ஆகவே பட்டனைக் கடைசிக்குத் தள்ளிவிட்டு, பக்கச்சுவரில் இருக்கும் எண்களிலிருந்து தொடங்குகிறேன்.

கேமராவை டயருக்கு அருகில் கொண்டுபோகிறேன். ஃபோர்டு எஃப்-150 போன்ற வண்டிகளில் பரவலாகக் காணப்படும் அளவு 275/65ஆர்18. அதை அடுத்து 116டி என்று இருக்கிறது, பாருங்கள்; 116 என்றால் ஒரு டயர் 1,250 கிலோ தாங்கும் என்று பொருள், டி என்பது வேக வரம்புக்கான எழுத்து. இது கார் வகை டயர் என்பதால், பிக்கப்பில் மாட்டும்போது அந்த எண்ணை 1.10-ஆல் வகுக்க வேண்டும் என்பது அமெரிக்க விதி. வகுத்தால் கிட்டத்தட்ட 1,136 கிலோ வரும். இதே அளவுக்கு முன்னால் எல்டி என்ற எழுத்துகள் இருந்தால் அது சிறு லாரி வகை டயர். அதிலும் பாரம் தாங்கும் வலுவைக் காட்டும் வகுப்புகள் உண்டு: 'சி' வகுப்பு 50 பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அளவு) காற்றில் 1,150 கிலோதான் தாங்கும், அதாவது கார் வகையைவிடப் பெரிதாக ஒன்றும் கூடுதல் இல்லை. 'இ' வகுப்பு 80 பி.எஸ்.ஐ. காற்றில் 1,550 கிலோ தாங்கும். 'இ' வகுப்பைக் கடைக்காரர்கள் பத்து பிளை என்பார்கள். அது வலுவைக் குறிக்கும் பழைய கணக்கு, உள்ளே பத்து அடுக்குகள் இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள்.

அடுத்து, பின் அச்சின் மீது உண்மையில் எவ்வளவு பாரம் இறங்குகிறது என்று பார்ப்போம். காய்ந்த புல் உருளைகளை ஏற்றிய ட்ரெய்லர் மொத்தம் 3,000 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். பெரிய உருளை ஒன்றே 500 கிலோவைத் தாண்டும். அந்த மொத்த எடையில் 10 முதல் 15 விழுக்காடு, அதாவது 300 முதல் 450 கிலோ வரை, ஹிட்ச் மீது, அதாவது ட்ரெய்லரைப் பூட்டும் கொக்கி மீது, இறங்க வேண்டும்; குறைந்தால் வேகத்தில் ட்ரெய்லர் வாலாட்டத் தொடங்கும். ஹிட்ச் பின் அச்சுக்கும் பின்னால் இருப்பதால், அந்த எடை முன் சக்கரங்களைச் சற்றே தூக்கி, தன் அளவைவிடக் கூடுதலான பாரத்தைப் பின் டயர்களின் மீது ஏற்றிவிடும். லாரிகள் நிற்கும் இடங்களில் உள்ள எடை மேடையில் ட்ரெய்லரோடு ஏறி, அச்சுவாரியாக எடை எடுத்து, ஓட்டுநர் பக்கக் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் உச்ச எடையோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

அரை டன் வண்டிகளில் பின் அச்சின் உச்ச எடை பொதுவாக இரண்டு டன்னுக்குள் அடங்கிவிடும். இரண்டு கார் வகை டயர்கள் சேர்ந்து 2,272 கிலோ தாங்கும். கணக்குப்படி பார்த்தால் வண்டியோடு வரும் கம்பெனி டயரே போதும் என்பதையும், 'இ' வகுப்பு டயர் மாட்டுவதால் வண்டியின் இழுவைத் திறன் ஒரு கிலோகூட உயராது என்பதையும் எந்த விற்பனையாளரும் தாமாக முன்வந்து சொல்லமாட்டார்.

அப்படியிருந்தும் நான் எல்டி 'இ' வகுப்பைத்தான் பரிந்துரைக்கிறேன். முதல் காரணம் பக்கச்சுவரின் விறைப்பு. பெரிய லாரி ஒன்று கடந்து போகும்போது ட்ரெய்லர் தள்ளும் தள்ளலில் கார் வகை டயர் நெளியும், இது அவ்வளவாக நெளியாது. மற்றொரு காரணம் முள். இங்கே மேய்ச்சல் நிலமெங்கும் பரவிக் கிடக்கும் மெஸ்கீட் மரம் நம் ஊர்ச் சீமைக்கருவேலத்தின் நெருங்கிய உறவு. வெட்டிப் போட்ட கிளையின் முள் மெல்லிய பக்கச்சுவரில் ஏறிவிட்டால் அந்த டயரைத் தூக்கிப் போட வேண்டியதுதான், ஏனெனில் முறையாகப் பஞ்சர் ஒட்டுவது பட்டன் பகுதியில், அதுவும் 6 மில்லிமீட்டருக்கு மேற்படாத துளைக்கு மட்டுமே. எல்டி டயரில் ரப்பரும் அடுக்கும் தடிப்பு என்பதால் முள் ஏறும் வாய்ப்புக் குறைவு. இதற்கு விலையும் உண்டு: டயர் கனம், எரிபொருள் கூடுதலாகச் செலவாகும், வெற்று வண்டி கட்டைவண்டிபோலக் குலுக்கும்.

இனிமேல் சொல்வதைக் கவனமாகக் கேளுங்கள், ஏனெனில் பலர் தவறுவது இங்கேதான். கதவில் எழுதியிருக்கும் 35 பி.எஸ்.ஐ. கம்பெனி டயருக்கானது. எல்டி டயரில் அதே 35 வைத்தால் அது பழைய டயர் சுமந்த எடையைக்கூடச் சுமக்காது. டயர் நிறுவனம் வெளியிடும் பார-காற்று அட்டவணையில், எடை மேடை காட்டிய எண்ணுக்கு எவ்வளவு காற்று என்று பார்த்து, டயர் குளிர்ந்திருக்கும் காலை நேரத்தில் பின் டயர்களுக்கு அடையுங்கள். காற்று குறைந்தால் டயர் நெளியும், நெளிந்தால் சூடாகும், டெக்சாஸ் கோடையின் தார்ச்சாலையில் அந்தச் சூடு அடுக்குகளைப் பிரித்துவிடும். 2000-ஆம் ஆண்டில் ஃபயர்ஸ்டோன் நிறுவனம் சுமார் 65 லட்சம் டயர்களைத் திரும்பப் பெற்றதும், பட்டன் பகுதி உரிந்து வந்ததால்தான். அதன் பிறகு வந்த சட்டத்தின் விளைவே இன்று உங்கள் டாஷ்போர்டில் எரியும் காற்று எச்சரிக்கை விளக்கு. ஆனால் அந்த விளக்கு கதவில் எழுதிய அளவைவிட 25 விழுக்காடு குறைந்த பிறகே எரியும் என்பதால், 55 தேவைப்படும் டயர் 26-க்கு இறங்கும் வரை அது வாய் திறக்காது. வால்வையும் மறக்காதீர்கள்: வழக்கமான ரப்பர் வால்வு 65 பி.எஸ்.ஐ. வரைக்கும்தான், அதற்கு மேல் அடைப்பதாக இருந்தால் உயர் அழுத்த வால்வு வேண்டும், ரிம் அதைத் தாங்குமா என்றும் கேட்டு உறுதிசெய்ய வேண்டும்.

இப்போது பட்டனுக்கு வருவோம். டெக்சாஸின் வேக்கோ நகரப் பக்கத்து நிலமெல்லாம் ஹூஸ்டன் பிளாக் என்னும் கறுப்பு மண். கோவில்பட்டிக் கரிசலில் மழைக்காலத்தில் நடந்தவர்களுக்கு இந்த மண்ணைப் பற்றி நான் விளக்க வேண்டியதில்லை. மழை பெய்த மறுநாளும் கட்டாயம் உள்ளே இறங்கியாக வேண்டும் என்பவர்களுக்கு மட்டும் மட்-டெரெய்ன் டயர், அதாவது சேற்றுக்கான டயர், சரி. அதன் அகன்ற இடைவெளிகள் சேற்றை உதறிவிடும். மற்றவர்களுக்கு அது நெடுஞ்சாலையில் இரைச்சலையும், ஈரச் சாலையில் நீளமான பிரேக் தூரத்தையும்தான் தரும். சாலைக்கும் காட்டுக்கும் பொதுவான ஆல்-டெரெய்ன் நடுவழி. ஈரம் காய்ந்த பிறகுதான் காட்டுக்குப் போவேன் என்பவருக்கு ஹைவே பட்டன் உள்ள எல்டி டயரே போதும் என்பது என் கருத்து; படத்தில் வண்டி சற்றுச் சாதுவாகத் தெரியும், அவ்வளவுதான்.

அழகுக்காக உயரமான டயர் போடாதீர்கள். விட்டம் கூடக் கூட கியரின் இழுவை குறையும், ட்ரெய்லரோடு மேடு ஏறும்போது அது தெரியும். எஸ்டி என்று அச்சிட்ட டயர் ட்ரெய்லருக்கு மட்டுமே உரியது, மலிவாகக் கிடைத்தாலும் பிக்கப்பில் மாட்டக் கூடாது. வாங்கும்போது பக்கச்சுவரில் டாட் (DOT) என்று தொடங்கும் குறியின் கடைசி நான்கு இலக்கங்களைப் பாருங்கள்: 2324 என்றால் 2024-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. நான்கு டயரோடு நிறுத்தாமல் ஸ்டெப்னியையும் அதே அளவில், அதே வகுப்பில் மாற்றிவிடுங்கள். பழைய கார் வகை ஸ்டெப்னியை ட்ரெய்லர் பூட்டிய வண்டியின் பின் அச்சில் மாட்டி வீடு வந்து சேர்வது எளிதான காரியம் இல்லை.