கூட்டம் கேட்டுவிட்டு ரத்தம் எடுங்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

ஊசியில் எடுத்த ரத்தத்தைச் சற்று நேரம் வைத்தால் உறைந்து, மேலே மஞ்சளாகத் தெளிந்து நிற்கும். அதைத்தான் சீரம் என்கிறோம். அதில் சி3 என்று ஒரு புரதம் உண்டு. பெரும்பாலும் கல்லீரல் தயாரிப்பது. மில்லிலிட்டருக்கு ஏறத்தாழ 1 மில்லிகிராம் இருக்கும். உள்ளே நுழைந்த கிருமியின் மேல் போய் ஒட்டிக்கொண்டு, வெள்ளையணுக்களுக்கு ஆளைக் காட்டிக் கொடுக்கும்.

இது எல்லோருக்கும் ஒரே மாதிரி இருப்பதில்லை. ஆல்பர், ப்ராப் என்ற இருவர் 1968ல் வெளியிட்ட ஆய்வில், கூழ் போன்ற ஜெல்லில் சீரத்தை வைத்து மின்சாரம் செலுத்திப் பார்த்தபோது சிலருடைய சி3 மெதுவாகவும் சிலருடையது வேகமாகவும் நகர்ந்தது. மெதுவானதற்கு எஸ், வேகமானதற்கு எஃப் என்று பெயர். புரதம் என்பது அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலி. எஸ் வகையில் ஆர்ஜினின் என்ற அமினோ அமிலம் இருக்கும் ஓரிடத்தில் எஃப் வகைக்குக் கிளைசின் என்ற வேறொன்று. ஆர்ஜினினின் நேர்மின்சுமை போய்விடுவதால், எஃப் நேர்முனையை நோக்கி முந்தி ஓடுகிறது. தாயிடம் ஒரு வகை, தந்தையிடம் மற்ற வகை என்று வாங்கியவருக்கு ஜெல்லில் இரண்டு பட்டையும் தெரியும். ஒன்றை ஒன்று மறைக்காது. ஐரோப்பியரிடம் உள்ள சி3 மரபணுக்களில் எஃப் சுமார் 5ல் ஒரு பங்கு. கிழக்காசியாவில் மிக அரிது.

சரி, நம் கொங்கில் எஃப் எவ்வளவு என்று எண்ணுவதென்றால்? ஜெல் வேலை பெரிதல்ல என்பேன். ரத்தத்தைக் கொண்டுவந்து சேர்ப்பதுதான் பெரிது. தாளவாடியில் எடுத்த ரத்தம் திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கி, சத்தியமங்கலம் வழியாகக் கோவை வர வேண்டும். சித்திரை வெயிலில் ஐஸ் பெட்டி இல்லாமல் வந்தால் சி3 சிதையும். அப்படிச் சிதைந்த துண்டும் ஜெல்லில் வேகமாகத்தான் ஓடும். பழைய ரத்தத்தைப் பார்த்து, 'புது வகை கண்டேன்' என்று எழுதிவிடும் ஆபத்து இருக்கிறது.

அப்புறம் இன்னொன்று. ஒரு தோட்டத்துச் சாலையில் நின்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் ரத்தம் வாங்கினால், பாதிப் பேர் ஒரே கூட்டத்து, அதாவது ஒரே தந்தைவழிக் குலத்துப் பங்காளிகளாக இருப்பார்கள்! பாட்டனுக்கு எஃப் இருந்திருந்தால் அதே ஒன்றைப் பேரன்மார்களிடம் பலமுறை எண்ணிவிடுவோம். பங்காளிகளை மட்டும் தள்ளினாலும் போதாது. அத்தை மகன், மாமன் மகள் என்று முறையில் கட்டிக்கொள்கிற வழக்கத்தால் மாமன் மச்சானும் ரத்த உறவாக இருப்பார்கள். குடும்பத்துக்கு ஒருவர் என்று எடுத்து, பெற்றோர் எந்த ஊர், என்ன உறவு என்று விசாரிப்பதே முறை. இதை அலுப்பான குமாஸ்தா வேலையாக நினைக்கிற மாணவர்களைப் பார்க்கிறேன். கணக்கின் அஸ்திவாரமே அதுதான். இன்று டிஎன்ஏவை நேராகவே படித்துவிடலாம். அதற்கு வெயில் அவ்வளவு பொருட்டில்லை. பங்காளிக் கணக்கை மட்டும் எந்த மெஷினும் தீர்த்துவைக்காது, நாம்தான் கேட்க வேண்டும்.

ஆகவே உங்கள் ஊருக்கு யாராவது வந்து, 'நீங்க என்ன கூட்டமுங்க, அம்மா பிறந்த ஊர் எதுங்க' என்று கேட்டால் சங்கடப்பட வேண்டாம், சொல்லுங்கள். கையெழுத்துப் போடும் முன் நீங்களும் இரண்டு கேளுங்கள்: குழாயில் என் பெயர் இருக்குமா, எண் மட்டுமா? மீந்த ரத்தத்தை என்ன செய்வீர்கள்? பதில் வராவிட்டால் கையை நீட்ட வேண்டாம். வணக்கம்.