எல்லாம் பச்சை

நேயர்களுக்கு வணக்கம்.

நொடித்துப்போன கம்பெனியைத் தூக்கி நிறுத்தியவர்கள் என்று பேச்சு வந்தால் எனக்கு முதலில் நினைவுக்கு வருபவர் ஆலன் முலாலி. 2006 செப்டம்பரில் அமெரிக்காவின் ஃபோர்டு நிறுவனத்துக்குத் தலைமை நிர்வாகியாக வந்தவர். கார் தொழிலில் அதற்கு முன் வேலை பார்த்ததே இல்லை. போயிங்கில் விமானம் கட்டியவர். ஹென்றி ஃபோர்டின் கொள்ளுப்பேரன் பில் ஃபோர்டு, தான் வகித்த பதவியையே விட்டுக்கொடுத்து அவரை அழைத்து வந்தார். அந்த ஆண்டு நஷ்டம் 1,260 கோடி டாலரைத் தொட்டது.

முலாலி வந்ததும் வியாழக்கிழமைதோறும் ஒரு கூட்டம் வைத்தார். ஒவ்வொரு துறைத் தலைவரும் தன் வேலையின் நிலவரத்தை வண்ணத்தில் காட்ட வேண்டும். ஒழுங்காக நடந்தால் பச்சை, சந்தேகம் என்றால் மஞ்சள், சிக்கல் என்றால் சிவப்பு. வந்த அட்டவணை எல்லாம் பச்சை! கம்பெனி முழுகிக்கொண்டிருக்கிறது, யாருக்கும் ஒரு குறையும் இல்லையாம். காரணம் எளிது. அங்கே குறையைச் சொன்னவன் தலைதான் முதலில் உருளும்.

ஒரு வாரம் மார்க் ஃபீல்ட்ஸ் சிவப்பு காட்டினார். அமெரிக்கக் கண்டப் பிரிவின் தலைவர் அவர். கனடாவின் ஓக்வில் ஆலையில் எட்ஜ் என்ற புதிய கார் தயாராகிக்கொண்டிருந்தது. பின்கதவைத் தூக்கும் கருவியில் கோளாறு. வண்டியை வெளியே அனுப்பாமல் நிறுத்திவிட்டார். அறையில் சத்தமே இல்லை. சரி, இவர் கதை முடிந்தது என்றுதான் மற்றவர்கள் நினைத்தார்கள். முலாலியோ கைதட்டினார். இதற்கு யார் உதவ முடியும் என்று கேட்டார். உடனே ஆளுக்கு ஆள் யோசனை சொன்னார்கள். அப்புறம் வந்த வாரங்களில் மஞ்சளும் சிவப்பும் தாராளமாக வரத் தொடங்கின.

கைதட்டல் மட்டும் கம்பெனியைக் காப்பாற்றிவிடாது. 2006 முடிவதற்குள் ஆலைகள், காப்புரிமைகள், அந்த நீல நிற ஓவல் சின்னம் உட்பட எல்லாவற்றையும் அடகு வைத்து ஃபோர்டு சுமார் 2,350 கோடி டாலர் திரட்டியது. 2008இல் கடன் சந்தை உறைந்தபோது கையில் பணம் இருந்தது அதனால்தான். அதே ஆண்டு ஜாகுவாரையும் லேண்ட் ரோவரையும் நம் டாடாவுக்கு 230 கோடி டாலருக்கு விற்றார்கள். அடுத்த ஆண்டு ஜெனரல் மோட்டார்ஸும் கிரைஸ்லரும் திவாலாயின, ஃபோர்டு ஆகவில்லை.

இதில் சாமர்த்தியம் எவ்வளவு, அதிர்ஷ்டம் எவ்வளவு என்று எனக்கு இன்னும் கேள்வி உண்டு. ஆலைகள் மூடப்பட்டு ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்ததையும் மறக்க முடியாது. ஆனால் ஒரு விஷயம் எனக்குப் பிடித்தது: போட்டிக் கம்பெனிகளுக்கு அரசு உதவ வேண்டும் என்று அமெரிக்க காங்கிரஸில் முலாலியே வாதாடினார். மூவருக்கும் உதிரிபாகம் கொடுப்பவர்கள் பெரும்பாலும் ஒரே ஆட்கள்; போட்டிக் கம்பெனிகள் விழுந்தால் அந்த ஆட்களும் விழுவார்கள், ஃபோர்டின் ஆலையும் நிற்கும் என்று அவருக்குத் தெரியும்.

2009இல் லாபம் வந்தது. அடகு வைத்த நீல ஓவல் 2012இல் மீண்டது. 2014இல் முலாலி ஓய்வு பெற்றபோது அவர் இடத்துக்கு வந்தவர், அன்று சிவப்பு காட்டிய அதே மார்க் ஃபீல்ட்ஸ். மூன்றே ஆண்டுகளில், 2017இல், அவரை மாற்றிவிட்டார்கள்.

வணக்கம்.